துணை இழந்த சந்தனம்

நம் வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால், கையில் காசு இருக்கிறதோ இல்லையோ, சிதையில் வைக்கச் சந்தனக் கட்டை ஒரு சிறு துண்டாவது தேடிக் கொண்டுவருவோம். அந்தச் சந்தனத்தின் குடும்பத்திலேயே ஒரு கிளை அடியோடு அற்றுப்போய் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 670 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளில் மட்டும் வாழ்ந்த சந்தனம் அது. தூரத்து உறவுதான் என்றாலும் நமக்கும் பங்காளி.

சந்தனக் குடும்பத்தின் பிறந்தகம் ஆஸ்திரேலியா என்கிறார்கள் அறிந்தவர்கள். அங்கிருந்து பழந்தின்னிப் பறவைகளின் வயிற்றில் பயணப்பட்டுத் தீவு தீவாகக் குடியேறிய அந்த வம்சத்தில், யாவரையும் தாண்டிக் கிழக்கே போய், அமெரிக்கக் கண்டத்தின் வாசலருகே வேரூன்றியது இதுதான்.

ஒட்டுண்ணி என்ற சொல்லை நாம் வசையாகவே பழகிவிட்டோம். சந்தனமும் ஓர் ஒட்டுண்ணிதான்; ஆனால் அதன் ஒட்டு வேறு வகை. தன் உணவைத் தன் பச்சை இலைகளாலேயே ஆக்கிக்கொண்டு, முக்கியமாக நீருக்காகவும் மண்ணின் உப்புகளுக்காகவும் பக்கத்துச் செடியின் வேரைத் தன் வேரால் பற்றிக்கொள்ளும். நம் நாற்றங்கால்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சந்தனக் கன்று இருக்கும் பையிலேயே துவரையோ பொன்னாங்கண்ணியோ வைப்பார்கள். நிலத்தில் நட்ட பிறகும் அருகிலேயே அகத்தி, சவுக்கு என்று நெடுநாள் துணை ஒன்றை நட்டுவைப்பார்கள். துணையில்லாத கன்று இலை வெளுத்து, வளர்ச்சி குன்றி, கண்ணெதிரே தேய்ந்துபோகும். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அந்தத் துணைக்கு ஈடாகாது.

அந்தத் தீவுகளில் இம்மரத்துக்கு அப்படிப்பட்ட துணை நெடுங்காலம் குறைவின்றி இருந்தது. 1574-இல் ஸ்பானிய மாலுமி ஹுவான் பெர்னாண்டஸ் அங்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கரையில் ஆடுகளை இறக்கிவிட்டார்கள். 1624-இல் வந்த டச்சுக் கப்பல்காரர்கள் அங்கே சந்தனம் இருப்பதைக் கண்டு குறித்துவைத்தார்கள். மணம் தெரிந்த பிறகு கோடரிக்கு ஓய்வில்லை. சந்தனத்தின் வாசம் இளமரத்தில் இராது, ஆண்டுகள் பல கடந்து வயிரம் ஏறிய முதிய மரத்தில்தான் இருக்கும் என்பதால், காய்த்து விதை தரும் மூத்தவையே முதலில் வெட்டுண்டன. தப்பி முளைத்த கன்றுகளை ஆடுகள் மேய்ந்தன. அடைக்கலம் தந்த காடும் சுருங்கிக்கொண்டே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா மரங்களும் போய்விட்டன. தாவரவியலாளர்கள் நெடுநாள் அதன் செத்த கட்டையை மட்டுமே கண்டிருந்தார்கள். முறைப்படி அதற்கு ஓர் அறிவியல் பெயர் வாய்த்ததே 1892-இல்தான். பெயர் சூட்டு விழாவுக்கும் இறுதிக் காலத்துக்கும் இடையே இருபது ஆண்டுகூட இல்லை.

1908-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் அத்தீவுகளில் ஒன்றுக்கு வந்து, உயிரோடு மிஞ்சியிருந்த ஒற்றை மரத்தைக் கண்டார். அதன் முன் நின்றபோது, ஓர் இனத்தின் மரணப் படுக்கையருகே நிற்பதுபோல் இருந்ததாக அவர் எழுதிவைத்தார். நிழற்படமும் எடுத்தார். 1916-17-இல் அவரே திரும்பி வந்து தீவுகளை ஆராய்ந்தார்; ஆனால் 1908-க்குப் பின் அந்த மரத்தை உயிரோடு கண்டவர் என்று எவருமில்லை. மண்ணில் புதைந்துகிடந்த பழைய கட்டைகள் மட்டும், மரம் போன பின்னும் மணம் போகாமல், தீவுக்காரர்கள் கைக்கு அகப்பட்டுக்கொண்டிருந்தன.

அலெக்சாண்டர் செல்கர்க் என்ற மாலுமி 1704 முதல் 1709 வரை தன்னந்தனியே வாழ்ந்ததும் அந்தக் கடைசி மரம் நின்ற தீவில்தான். ராபின்சன் குருசோ கதைக்கு அவர் வாழ்வு தூண்டுதலானதால், 1966-இல் தீவுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். தனிமையைத் தாங்கிய மனிதரைக் கப்பல் வந்து மீட்டுப்போனது. அதே தீவில், தனியே இருக்கத் தெரியாமல் பிறந்த ஒரு மரம், தன் இனத்தில் யாருமில்லாமல் தனியே நின்று முடிந்தது.

அதற்குச் செய்ய நம்மிடம் சடங்கு எதுவுமில்லை. எங்கேனும் ஒரு சந்தனக் கன்று உங்கள் கைக்கு வந்தால், அதன் காலடியில் நான்கு துவரை விதை போடுங்கள். போகும்போது யாரும் தனியாகப் போகக்கூடாது, வாழும்போதும்தான்.