லைடனில் கிடைக்காதது

வழிபாட்டுச் சுதந்திரம் தேடித்தான் 1620-இல் மேஃப்ளவர் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்தது என்பது பழகிப்போன கதை. ஆனால் அதில் போன, இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த சபையினருக்கு ஹாலந்தின் லைடன் நகரம் 1609 முதலே அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்திருந்தது. அங்கே கிடைக்காதது நிம்மதியான பிழைப்பு. இங்கிலாந்தில் உழுது வாழ்ந்தவர்கள் லைடனில் துணித்தொழிலில் கூலிகளானார்கள். பின்னாளில் இவர்கள் அமெரிக்காவில் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டும் அங்கே நெசவாளிதான். பாரமான வேலையால் பிள்ளைகளின் உடல் இளமையிலேயே கூனிப்போனதை, படையிலும் கப்பலிலும் சேர்ந்து சிலர் பெற்றோரை விட்டுப் போனதை அவரே வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். தோள் வளைந்த அந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டு இந்தப் பயணத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

அப்படியானால் மதம் வெறும் சாக்கா என்று கேட்கலாம். இல்லை. டச்சுக்காரர்கள் ஸ்பெயினோடு செய்த போர்நிறுத்தம் 1621-இல் முடியவிருந்தது; மீண்டும் போர் மூளுமோ என்ற பயம் இருந்தது. பிள்ளைகள் டச்சுக்காரர்களாகிச் சபையே கரைந்துவிடும் என்ற அச்சமும் உண்மையானது. ஆனால் நம்பிக்கையைக் காக்கவும் நிலமும் முதலும் வேண்டியிருந்தது. பணம் போட்ட லண்டன் வணிகர்களோடு ஏழாண்டுக் கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். கப்பலில் வந்த 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் சபையைச் சேராதவர்கள். முதல் குளிர்காலத்தில் பாதிப்பேரைப் பறிகொடுத்த பிறகும், 1621 முடிவதற்குள் அந்த வணிகர்களுக்காக பீவர் தோல்களையும் மரப்பலகைகளையும் ஃபார்ச்சூன் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.