கவனகம்

கவனகம் என்பது ஒரே அமர்வில் பலர் தொடுக்கும் வெவ்வேறு பணிகளை எழுதிக்கொள்ளாமல் மனத்தில் இருத்தி, பிழையின்றி விடை தரும் நினைவுக் கலை. இதற்கு அவதானம் என்றும் பெயர். பணிகளின் எண்ணிக்கையால் அட்டாவதானம் (8), தசாவதானம் (10), சோடசாவதானம் (16), சதாவதானம் (100) என வகைப்படும்.

ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்; இன்னொருவர் பெருக்கல் கணக்குச் சொல்வார்; மற்றொருவர் முதுகில் பூவோ நெல்லோ எறிவார்; இடையிடையே மணி ஒலிக்கும். கவனகர் பாட்டை முடித்து, கணக்குக்கு விடை கூறி, விழுந்த பூக்களையும் ஒலித்த மணியையும் எண்ணிச் சொல்வார். ஒரு செய்யுளின் எழுத்துகளை வரிசை மாற்றிக் கொடுத்து, இறுதியில் முழுப்பாட்டாகக் கேட்பதும் உண்டு.

திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி அருளால் பாடும் திறம் பெற்றதாக மரபு கூறும் காளமேகப் புலவர் (15ஆம் நூற்றாண்டு) ஆசுகவியாக (கேட்டவுடன் பாடும் கவிஞராக) அறியப்பட்டவர். திருவானைக்கா உலா அவர் இயற்றியது. கவனகத்தின் செய்யுட் பகுதிக்கு அடிப்படை இந்த ஆசுகவித் திறமே. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907 மார்ச் 10இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். அவர் நினைவாக இந்திய அஞ்சல் துறை 2008இல் அஞ்சல்தலை வெளியிட்டது.

நினைவுக் கலை பிற நாடுகளிலும் இருந்தது: செய்திகளை மனக்காட்சியாக்கி, பழகிய இடங்களில் வரிசையாக வைத்து நினைவுகூரும் முறையைப் பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் கையாண்டனர். இன்றைய மாணவர்க்கும் அது பயன்படும்.