சண்டைகளை எண்ணிய கணக்கு வாத்தியார்



"சார், இந்த மடக்கை எல்லாம் வாழ்க்கையில் எதற்கு?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள். மடக்கையை வைத்துக்கொண்டு போரை அளந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். 1881-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். போரே கூடாது என்னும் குவேக்கர் மரபில் வந்தவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்தவில்லை. பிரெஞ்சுப் படைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்ந்த நேரத்தில், ஆறு மணி நேர வானிலையைச் சமன்பாடுகளால் கணிக்க முடியுமா என்று கையாலேயே போட்டுப் பார்த்தார். விடை தப்பாக வந்தது, ஆனால் வழி சரி. இன்றைய கணினி வானிலைக் கணிப்பு அந்த வழியில்தான் நடக்கிறது.

போர் முடிந்து வானிலைத் துறையில் வேலை பார்த்தார். 1920-இல் அந்தத் துறையை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ரிச்சர்ட்சன் வேலையை விட்டுவிட்டு, லண்டனில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். (நம் இனம்!) பிறகு ஸ்காட்லாந்தில் கல்லூரி முதல்வரானார். 1940-இல் அதையும் விட்டார். நாடே போரில் இறங்கியிருந்தபோது, போர் ஏன் வருகிறது என்று ஆராயவே வீட்டில் உட்கார்ந்தார்.

அவர் முதலில் செய்தது எண்ணுவது. 1820 முதல் தம் காலம் வரை மனிதர் மனிதரைக் கொன்ற சண்டைகளைத் தொகுத்தார். எது போர், எது கலவரம், எது புரட்சி என்ற பெயர்ச் சண்டையில் அவர் இறங்கவில்லை. இறந்தோர் எண்ணிக்கைக்கு 10 அடிமான மடக்கை எடுத்தார், அவ்வளவுதான். ஆயிரம் பேர் இறந்தால் 3. ஒரு கோடி என்றால் 7. ஒருவர் கொலையானால் 0. நிலநடுக்கத்தை அளக்கும் அதே யோசனை. 7-ஐ எட்டியவை இரண்டு உலகப் போர்கள் மட்டுமே.

பன்னிரண்டாம் வகுப்பில் பாய்சான் பரவல் படித்தவர்கள் கவனியுங்கள். குயின்சி ரைட் என்பவர் தொகுத்த பட்டியலில் 1500 முதல் 1931 வரை 432 ஆண்டுகள். எந்தப் போரும் தொடங்காத ஆண்டுகள் 223. ஒரு போர் தொடங்கியவை 142, இரண்டு தொடங்கியவை 48, மூன்று 15, அதற்கு மேல் 4. சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 217, 150, 52, 12, 2 என்று வரும். போட்டுப் பாருங்கள், சராசரி 0.69. தற்செயல் நிகழ்வுகள் எப்படிச் சிதறிக் கிடக்குமோ அப்படியே போர்களும் சிதறிக் கிடக்கின்றன. இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போர் வரும் என்ற சுழற்சிக் கதைகளுக்கு இதில் இடமில்லை. நாகரிகம் வளர வளரப் போர் குறைகிறது என்ற ஆறுதலும் கிடைக்கவில்லை.

எனக்கு அவர்மேல் மதிப்பு கூடிய இடம் அடுத்தது. உலகத்துக்கு ஒரு பொதுமொழி வந்தால் சண்டை குறையும் என்று நம்பி எஸ்பெராண்டோவை ஆதரித்தவர் அவர். கணக்கு அந்த நம்பிக்கைக்குக் கைகொடுக்கவில்லை. அதை அப்படியே எழுதி வைத்தார். தமக்குப் பிடித்த விடை வரும்வரை எண்களை முறுக்குகிறவர்களை இன்று தினமும் டிவியில் பார்க்கிறோம்.

எல்லைகளின் நீளத்துக்கும் போருக்கும் தொடர்பு உண்டா என்றும் தேடினார். அங்கே ஒரு வேடிக்கை. ஒரே எல்லையை ஸ்பெயின் 987 கிலோமீட்டர் என்றது, போர்ச்சுகல் 1,214 என்றது. அளவுகோல் சிறிதாகச் சிறிதாக நெளிவுகள் கூடி நீளமும் கூடும் என்று கண்டார். 1967-இல் மாண்டல்பிராட் இதை எடுத்துக்கொண்டுதான் பிரிட்டன் கடற்கரையின் நீளம் என்ன என்ற புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்.

ரிச்சர்ட்சன் 1953-இல் இறந்தார். போர் பற்றிய அவருடைய இரண்டு பெரிய நூல்களும் 1960-இல்தான் முறையாக அச்சேறின. 1963-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதே எண்ணும் வேலை பெரிய திட்டமாகத் தொடங்கியது. ஆயிரம் பேர் களத்தில் இறந்தால் அது போர் என்பது அவர்கள் வரையறை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் ஆயுத மோதலுக்கு ஓராண்டில் 25 பேர் என்று வைத்திருக்கிறது. ரிச்சர்ட்சன் அளவுகோலில் ஒற்றை ஆள் கொலைக்கும் இடம் இருந்தது.