2500 ஓம்: ஒரு மயிலாப்பூர்ச் சாசனம்

சென்ற மார்கழிக்குச் சற்று முன்பு, மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய பழைய வீடொன்றைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. வீட்டுக்காரர் எங்கள் நண்பர். "தாத்தா பண்ணினது. ஓடினா எடுத்துக்கோங்கோ, இல்லேன்னா காயலான் கடைக்குத்தான் போகணும்" என்றார். மூடியின் உட்புறம் பென்சிலால் 1964 என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு வால்வு பிரீஆம்ப்ளிஃபையர்; அதாவது கிராமபோன் முள்ளிலிருந்து வரும் மெல்லிய சைகையை வளர்த்துப் பெரிய ஆம்ப்ளிஃபையரிடம் ஒப்படைக்கும் முன்னிலைக் கருவி. பக்கத்திலேயே ஊதா நிறத்தில் ஒளிரக்கூடிய இரு வாயு வால்வுகள், ஒரு பெரிய மின்தடை. இக்கட்டுரை அந்த மின்தடையைப் பற்றியது.

சென்னையின் செவிகளுக்கு வால்வு பழக்கமான கதை நீளமானது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16 அன்று தொடங்கிய மதராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. நாட்டில் முறையான வானொலிச் சேவை அமைவதற்கு முன்பே ஆர்வலர்கள் செய்த காரியம் இது! பணமின்றி 1927இல் கிளப் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் வானொலி இல்லாதவர்கள் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கியின் கீழே அமர்ந்து பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கி, 1954இல் சாந்தோம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. இந்த முப்பதாண்டுகளில், சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கணக்கர்கள் என்றொரு தனிக் கூட்டம் இந்நகரில் உருவாகிவிட்டது. நண்பரின் தாத்தாவும் கணக்கர்தான். வரலாற்று நூல்களில் இடம்பெறாத கூட்டம்!

அவர்களுடைய முதல் எதிரி, ஹம் என்று அவர்களே அழைத்த முனகல். நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அதை நேர்மின்சாரமாக்கும்போது எஞ்சும் அலை 100. அதன் இரட்டிப்பு 200. இனி ஆர்மோனியத்துக்கு வாருங்கள். ஐந்து கட்டைச் சுருதி என்பது மேற்கத்தியர் கணக்கில் ஏறத்தாழ 196. பெண் பாடகர்கள் பலருக்கு அதுவோ அதன் அண்டை அயலோதான் சுருதி. ஆக, தம்புரா 196இல் நிற்க, முனகல் 200இல் நிற்கும்; இரண்டும் உரசி வினாடிக்கு நான்கு முறை அலையடிக்கும். மேல்நாட்டு இசைக்கு ஹம் வெறும் இரைச்சலாக இருக்கலாம். நமக்கோ அது சுருதி சேராத இன்னொரு தம்புரா.

இதைத் தணிப்பதற்கும், தெரு மின்சாரம் ஏறி இறங்கினாலும் வால்வுகளுக்கு 300 வோல்ட் மாறாமல் கிடைக்கச் செய்வதற்கும் ஒரு சீராக்கி வேண்டும். இதில் இரு வழிகள் உண்டு. ஏரியை நினைத்துக்கொண்டால் எளிது (தியாகராய நகரே 1920களில் தூர்க்கப்பட்ட மாம்பலம் ஏரியின்மேல் எழுந்ததுதானே!). மதகைத் திறந்தும் மூடியும், தேவைக்கேற்ப நீர்விடுவது ஒரு வழி. மற்றது கலங்கல்: வரத்தை எப்போதும் தேவைக்குச் சற்று மிகுதியாகவே விட்டு, மிகுந்ததைக் குறிப்பிட்ட உயரத்தில் வழியவிடுவது. கலங்கல் வழிகிறவரை ஏரியின் மட்டம் மாறாது. ஷண்ட் ரெகுலேட்டர் என்பது இந்தக் கலங்கல்தான். வரத்துக் கால்வாய் அந்த மின்தடை. கலங்கல் அந்த ஊதா வால்வுகள். வால்வு ஒன்றுக்கு 150 வோல்ட். இரண்டைத் தொடராகக் கட்டினால் 300. வீணடிப்பதுபோல் தோன்றும். தோன்றுவதென்ன, வீணடிக்கத்தான் செய்கிறது. அந்த வீணில்தான் அதன் நிதானம் இருக்கிறது.

தாத்தா பயன்படுத்தியவை போர்க்காலத்தில் பெயர்பெற்ற வி.ஆர்.150 வால்வுகள். இராணுவக் கழிவாக மூர் மார்க்கெட்டுக்கு வந்தவையாக இருக்கலாம். மின்தடை 2500 ஓம். தவிர, ஒரு வால்வின் குறுக்கே மட்டும் 4,70,000 ஓமில் இன்னொரு மின்தடை. அது எதற்கென்று எங்களுக்கு விளங்கவில்லை. மனிதர் ஏதோ தவறுதலாக விட்டுவிட்டார் என்று முடிவுகட்டினோம்.

பிறகு திருத்தத் தொடங்கினோம்! நேர்மின்சாரம் 400 வோல்ட், வேண்டியது 300, இடையில் 100. பிரீஆம்ப்ளிஃபையருக்கு 10 மில்லிஆம்பியர், வால்வுகளுக்கு 15. ஆகவே மின்தடை 4000 ஓம். தாத்தாவின் கணக்கில் மொத்தம் 40 மில்லிஆம்பியர் ஓடுகிறது, பெட்டி கொதிக்கிறது. பழைய வால்வுகளைக் கழற்றி, எட்டுக்கால் சாக்கெட்டின்மேல் ஏழுகால் சாக்கெட்டைப் பொருத்தி, சிறிய ஓ.ஏ.2 வால்வுகளை அமர்த்தினோம். 'பயனற்ற' மின்தடையை வெட்டி எறிந்தோம். கலங்கல் எவ்வளவு நன்றாக அலையை விழுங்குகிறது என்பது, வரத்து மின்தடைக்கும் வால்வின் உள்தடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. எங்கள் கணக்கில் முனகல் இருபத்தைந்தில் ஒரு பங்காகியது. தாத்தாவிடம் பதினொன்றில் ஒரு பங்குதான். நிசப்தம்! எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்களில் ஒருவர் மட்டும் சமாதானமாகவில்லை. ஒரு டிம்மர்ஸ்டாட்டைக் கொண்டுவந்து, தெரு மின்சாரத்தைத் தாமே இறக்கிப் பார்த்தார். 210இல் மங்கல். 205இல் ஊதா ஒளி அணைந்து, ஐந்து கட்டைக்கு அருகே அந்த வேண்டாத தம்புரா எழுந்தது. 200இல் அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் வால்வுகள் பற்றவே மறுத்தன. இரண்டும் பற்றுவதற்கு 370 வோல்ட் தேவை, கிடைத்ததோ 348.

அதன் பிறகுதான் தாத்தாவின் எண்களை மரியாதையுடன் படித்தோம். அவருடைய 2500 ஓமில், 200 வோல்ட் மின்சாரத்திலும் 19 மில்லிஆம்பியர் வருகிறது. 10 போக 9 வழிகிறது. கலங்கல் வற்றுவது ஏறத்தாழ 195இல்தான். மேலே 245 வோல்ட் வந்தால் வால்வுகளில் 40 ஓடும், வி.ஆர்.150இன் உச்ச வரம்பு சரியாக அதுவே. ஓ.ஏ.2 என்றால் 30தான் தாங்கும். அந்த 'பயனற்ற' மின்தடையோ, முதலில் ஒரு வால்வுக்கு முழு அழுத்தத்தையும் கொடுத்துப் பற்றவைத்து, அது 150க்கு இறங்கியதும் மிச்சமுள்ள 198 வோல்ட்டை மற்றதற்குத் தருகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றுவதால் 348 போதும்.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், அறிவித்த அழுத்தத்திலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்றன. 230க்கு அது 216 முதல் 244 வரை. எங்கள் வடிவமைப்பு அந்த வாக்குறுதிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தாத்தாவோ மேல் வரம்பில் சட்டத்தை நம்பினார், கீழ் வரம்பில் நம்பவில்லை! 1964இல் மயிலாப்பூர் வீட்டில் அந்திவேளையில் எத்தனை வோல்ட் வந்தது என்பதற்கு அளவீட்டுப் பதிவேடு எதுவும் எங்கள் கையில் இல்லை. இந்த மின்தடை இருக்கிறது. கல்வெட்டில் தேதி பார்க்கிற பழக்கம் நமக்குண்டு. மின்தடையின் வண்ணப் பட்டைகளிலும் பார்க்கலாம் போலிருக்கிறது.

1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தபின் வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் அமர்ந்ததும், மாலையில் அது 'டக்' என்று மாறும் ஓசையும் பலருக்கு நினைவிருக்கும். அழுத்தம் மட்டுமன்று, அலைவெண்ணும் தாழும். 1990களில் தென்னக மின்கட்டம் பல வேளைகளில் 49க்கும் கீழே ஓடியது. 2003இல் அலைவெண்ணைப் பொறுத்துக் கட்டணம் விதிக்கும் முறை வந்தபின்தான் நிலைமை சீரானது. சரியாக 49 என்றால் அதன் நான்கு மடங்கு 196. அன்றைய சில மாலைகளில் முனகல் சுத்தமாகச் சுருதி சேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது சிரிப்பதா என்று தெரியவில்லை.

வெட்டியெறிந்த மின்தடைகளை அன்றிரவே குப்பைப் பையில் துழாவி எடுத்தோம். (பிரித்தபின் கண்டென்சரைத் தொடுமுன் காத்திருங்கள், 300 வோல்ட் மன்னிக்காது.) ஓ.ஏ.2 வால்வுகள் விடைபெற, வி.ஆர்.150 திரும்பியது. டிம்மர்ஸ்டாட்டை 197 வரை இறக்கினோம். ஊதா ஒளி அசையவில்லை. காதை ஒலிபெருக்கியில் வைத்தால் மெல்லிய முனகல் கேட்கிறது, எங்கள் திருத்தத்தில் கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே. பெட்டி இப்போது அடையாற்றில், நண்பரின் புது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அங்கே மின்சாரம் 230க்குக் கீழே இறங்குவது அரிது. மின்தடை 2500 ஓமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதனருகே பென்சிலால் 195–245 என்று குறித்திருக்கிறோம்.