நிகழ்பட ஆட்டங்களின் வரைகலை அமைப்புகள்

வரைகலை அமைப்புகள் என்பவை, ஒரு நிகழ்பட ஆட்டத்தின் காட்சி எவ்வளவு நுணுக்கத்துடன் வரையப்பட வேண்டும் என்பதை ஆடுபவரே தீர்மானிக்க உதவும் தெரிவுகள் ஆகும். பிரிதிறன், நிழல், மேற்பரப்புப் படங்கள், விளிம்பு மென்மையாக்கம் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. வலுவான கணினிகளில் இவை பெரும்பாலும் அழகு சார்ந்த தெரிவுகளே. தொடக்கநிலை ஆட்ட மடிக்கணினிகளிலோ, ஓர் ஆட்டத்தைத் தடங்கலின்றி ஆட இயலுமா என்பதே இவற்றைப் பொறுத்து அமைகிறது. 2019 ஏப்ரலில் அறிமுகமான என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 வரைகலைச் செயலியையும் 4 ஜிகாபைட்டு வரைகலை நினைவகத்தையும் கொண்ட மடிக்கணினிகள் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகும்.

சட்டக வீதம்

திரையில் அசைவு தோன்றுவதற்காக அடுத்தடுத்து வரையப்படும் ஒவ்வொரு முழுப் படமும் சட்டகம் எனப்படும். நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 30 சட்டகங்களுக்கு 33.3 மில்லிநொடி கிடைக்கும். ஒவ்வொரு அமைப்பும் இந்த நேரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எனவே, கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்து அதிக நேரத்தைச் செலவிடும் அமைப்புகளை முதலில் குறைப்பதே சீரமைப்பின் அடிப்படை ஆகும். 60க்கும் 35க்கும் இடையே ஏறி இறங்கும் வீதத்தை விட, 40 என நிலையாக இருக்கும் வீதம் பலருக்கு மென்மையாகத் தோன்றும்.

தடையைக் கண்டறிதல்

ஒரு சட்டகம் உருவாவதில் மையச் செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் தனித்தனி வேலைகள் உண்டு. இவற்றுள் தாமதிப்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதனை அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. பிரிதிறனைக் குறைத்ததும் சட்டக வீதம் உயர்ந்தால் தடை வரைகலைச் செயலியில் உள்ளது. உயராவிடில் தடை பெரும்பாலும் மையச் செயலியில் இருக்கும். அப்போது கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தொலைவு, இயற்பியல் கணிப்பு போன்றவற்றைக் குறைப்பதே பயன் தரும்.

முதன்மை அமைப்புகள்

* பிரிதிறன்: 1920×1080 திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன, 1280×720 அளவில் 9,21,600 மட்டுமே. வரைய வேண்டியவை பாதிக்கும் கீழாகக் குறைவதால் வேகம் பெரிதும் கூடும். ஆனால் காட்சி மங்கலாகும். ஏஎம்டி நிறுவனம் 2021இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் நுட்பம், குறைந்த பிரிதிறனில் வரைந்த படத்தைத் திரையின் அளவுக்கு உயர்த்திக் கூர்மையாக்குகிறது. இது என்விடியா செயலிகளிலும் இயங்கும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பமோ ஆர்டிஎக்ஸ் வரிசைச் செயலிகளுக்கே உரியது. ஜிடிஎக்ஸ் 1650இல் இயங்காது.

* மேற்பரப்புப் படங்கள்: டெக்ஸ்ச்சர் எனப்படும் இவை வரைகலை நினைவகத்தில் இடம்பிடிக்கின்றன. நினைவகம் போதுமானதாக இருக்கும் வரை இவற்றின் தரத்தை உயர்த்துவதால் வேகம் அதிகம் குறையாது. கொள்ளளவை மீறினால், தரவுகளைக் கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து அடிக்கடி எடுக்க வேண்டியுள்ளதால் ஆட்டம் திடீர்திடீரென நின்று நகரும்.

* நிழல்: 1978இல் லான்ஸ் வில்லியம்ஸ் விளக்கிய நிழல் வரைபட முறையில், ஒளி மூலத்தின் பார்வையிலிருந்தும் காட்சி ஒருமுறை வரையப்படுகிறது. அவ்வரைபடத்தின் நீள அகலங்களை இருமடங்காக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும். ஆகவே நிழலை உச்சத்திலிருந்து நடுத்தர நிலைக்குக் குறைப்பது பல ஆட்டங்களில் நல்ல பலன் தருகிறது.

* விளிம்பு மென்மையாக்கம்: சாய்ந்த விளிம்புகளில் தோன்றும் படிக்கட்டு வடிவத்தை இது மறைக்கிறது. எம்எஸ்ஏஏ முறை ஒவ்வொரு படப்புள்ளியிலும் பல மாதிரிகளை எடுப்பதால் சுமை மிகுந்தது. எஃப்எக்ஸ்ஏஏ முறை முடிந்த படத்தின் மீது செயல்படுவதால் சுமை குறைந்தது. ஆயினும் படத்தைச் சற்றே மங்கச் செய்யும்.

* அனைசோட்ரோபிக் வடிகட்டல்: தொலைவில் சாய்வாகத் தெரியும் சாலை, தரை போன்றவற்றைத் தெளிவாக்குகிறது. இதன் சுமை பொதுவாகக் குறைவு என்பதால் உயர்ந்த நிலையிலேயே விட்டுவைக்கலாம்.

வெப்பமும் மின்வழங்கலும்

மடிக்கணினியின் மெல்லிய உடலில் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. வெப்பநிலை வரம்பை எட்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்கியபோது சீராக இருந்து, சில நிமிடங்களுக்குப் பின் தடுமாறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் ஆகும். எனவே அமைப்புகளை முதல் நிமிடத்தில் சோதிப்பது போதாது. கணினி சூடேறிய பின்னரும் சோதிக்க வேண்டும். சட்டக வீதத்திற்கு உச்சவரம்பு விதிப்பதும், காற்றுத் துளைகளை அடைக்காமல் வைப்பதும் வெப்பத்தைக் குறைக்கும். மின்கலத்தில் இயங்கும்போது வரைகலைச் செயலிக்குக் கிடைக்கும் மின்திறன் குறைக்கப்படுவதால், மின் இணைப்பில் வைத்தே ஆடுவது நல்லது.

இத்தகைய மடிக்கணினிகளில் மையச் செயலியுடன் இணைந்த ஒருங்கிணைந்த வரைகலையும், தனி வரைகலைச் செயலியும் சேர்ந்தே இருப்பதுண்டு. ஆட்டம் தனிச் செயலியில்தான் இயங்குகிறதா என்பதை விண்டோசின் வரைகலை அமைப்புப் பக்கத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இது தவறாக இருப்பின் ஏனைய மாற்றங்களால் பெரிய பயன் விளையாது.

எல்லைகள்

அமைப்புகளை மாற்றுவதால் வன்பொருளின் திறன் கூடுவதில்லை. இருக்கும் திறன் பங்கிடப்படும் முறையே மாறுகிறது. ஓர் ஆட்டத்திற்குத் தேவையான குறைந்தபட்ச நினைவகமோ, ரே டிரேசிங் போன்ற கட்டாய வசதியோ கணினியில் இல்லையெனில் எந்த அமைப்பும் அதனை ஈடுசெய்யாது. ஆதலால், ஆட்டத்தை விலைகொடுத்து வாங்கும் முன் அதன் குறைந்தபட்சத் தேவைகளைத் தம் கணினியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகும்.