ரூட் என்று ஓர் ஆள் இல்லை

ஃபைல் அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபியை எழுதியவர் இந்தியர் என்றால் என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் நம்புவதில்லை. கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போன அபய் பூஷண், 1971 ஏப்ரலில் ஆர்எஃப்சி 114 என்ற குறிப்பில் அதை வெளியிட்டார். இணையத்தின் முன்னோடியான அன்றைய ஆர்பாநெட்டில் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான் இருந்தன. எல்லாரும் தெரிந்தவர்கள். பெயரும் பாஸ்வேர்டும் அஞ்சலட்டை எழுத்துப்போலத் திறந்தபடியே கம்பியில் போனது யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தத் தொடங்கியது தொண்ணூறுகளில். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை யாரோ நுழைத்து, ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளை அள்ளினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனன், எல்லாவற்றையும் குறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதியது அதனால்தான். எஃப்டிபியின் போர்ட் எண் 21, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் மாற்றாக வருவதற்கு நடுவில் காலியாயிருந்த 22ஆம் போர்ட்டைக் கேட்டு எழுதினார், மறுநாளே கிடைத்தது. இன்று இப்படி ஓர் எண்ணைக் கேட்டால் எத்தனை கமிட்டி உட்காரும்! அந்த ஆண்டு முடிவதற்குள் ஐம்பது நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள்.

வழியைப் பூட்டியாயிற்று. வழியில் வருவது யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய சீட்டில் இருக்கும். ஃபைல் ஏற்றவும் ரூட், பிரிண்டர் க்யூவைத் துடைக்கவும் ரூட். ஏதாவது அழிந்துபோனால் லாகில் அந்த ஒரே பெயர்தான். யாரைப் பிடித்துக் கேட்பது?

இதற்கு மருந்து எஸ்எஸ்எச்சுக்கும் முந்தியது. 1980 வாக்கில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் சுடோவை எழுதிவிட்டார்கள். சொந்தப் பெயரில் நுழைந்து, வேண்டிய கட்டளைக்கு மட்டும் அதிகாரத்தை வாங்கிக்கொள்ளலாம். யார் கேட்டார் என்பதும் பதிவாகும். ரூட் பாஸ்வேர்டு சிலர் கையில் அடங்கிவிடுவதை ரிச்சர்ட் ஸ்டால்மன் வேறு விதமாக எதிர்த்தார். குறிப்பிட்ட குழுவினர் மட்டுமே ரூட்டாக மாறலாம் என்ற 'வீல்' கட்டுப்பாட்டை ஜிஎன்யூவின், வேறு பயனராக மாற உதவும் சூ கட்டளையில் சேர்க்க மறுத்து, காரணத்தைக் கையேட்டிலேயே எழுதிவைத்தார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் நடுராத்திரி படுத்துவிட்ட சர்வருக்குப் பதில் சொல்லவேண்டியவன் அந்தப் பக்கம் சேரமுடியாது.

ஃபைல் போட மட்டும் வருகிறவரை ஒரே கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் வசதி எஸ்எஸ்எச்சின் திறந்த மூல வடிவமான ஓபன்எஸ்எஸ்எச்சில் 2008இல்தான் வந்தது. எஸ்எஸ்எச் வழியே ஃபைல் அனுப்பும் எஸ்எஃப்டிபி மட்டும் உண்டு, கட்டளையிட ஷெல் கிடையாது. அதற்குப் பிறகு வெளியாளுக்குப் பெரிய சாவியைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. அப்படியும் பாஸ்வேர்டு போட்டு நேரே ரூட்டாக நுழைவதை ஓபன்எஸ்எஸ்எச் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது 2015 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பில். குறியாக்கச் சாவி வைத்திருப்பவருக்கு இன்னமும் கதவு திறக்கும். என் கைக்கு வரும் சர்வர்களில் ரூட் நுழைவை அனுமதிக்கும் அமைப்பு வரியில் முதல் வேலையாக 'நோ' என்று எழுதிவிடுகிறேன்.