விரைவாசிப்பின் வரலாறு: கண்ணும் கருத்தும்

பல்கலைக்கழகத்துட் புகும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் இடர் நேரப் பஞ்சமே ஆகும். நூற்பட்டியலோ நீள்கின்றது, பரீட்சையோ நெருங்குகின்றது. பொருள் நழுவாமல் விரைந்து வாசிக்க வழியுண்டா என்னும் வினா இந்நிலையில் எழுவது இயல்பே. இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களிற் கூறப்பட்ட விடைகளை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, வாசிப்பின் வேகம் கண்பயிற்சியால் அன்றி, எழுத்தின் தெளிவாலும் வாசகரின் மொழியறிவாலுமே பெருகியது என்பது புலனாகும்.

உரோமப் பேரரசின் பிற்காலத்து இலத்தீன் ஏடுகளிற் சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக எழுதப்பட்டன. வாய்விட்டு வாசித்துச் சொற்களைப் பிரித்தறிதலே அன்று பெருவழக்காயிற்று. மிலான் நகர ஆயர் அம்புறோஸ் வாய்திறவாமல் வாசித்ததை, குறிப்பிடத்தக்க செய்தியாகவே புனித அகஸ்தீன் பதிவு செய்துள்ளார். ஏழாம் நூற்றாண்டளவில் அயர்லாந்துத் துறவியர் சொற்களுக்கிடையே வெளிவிட்டு எழுதத் தொடங்கினர். இலத்தீன் அவர்களுக்குத் தாய்மொழியன்று. ஆதலின் அவ்வுதவி அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. இவ்வழக்கம் ஐரோப்பாவிற் பரவியமையே மௌன வாசிப்பு வளரக் காரணமாயிற்று என 1997 இல் போல் செங்கர் வாதிட்டார். பண்டையோரும் மௌனமாக வாசிக்க வல்லவரே என மறுப்போர் உளர். எனினும், சொல்லிடைவெளி வாசிப்பை எளிதாக்கியது என்பதில் ஐயமில்லை.

தமிழ் ஓலைச்சுவடிகளின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடு தெளிவாகக் காட்டப்படவில்லை, சொற்களுக்கிடையே வெளியுமில்லை. பொருளை முன்னரே ஓரளவு அறிந்தவரே சுவடியைத் தடையின்றிப் படிக்கக்கூடியவராயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபொழுது, நல்லூர் ஆறுமுக நாவலர் தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை இட்டுப் பதிப்பித்தமை வாசகரின் சுமையைப் பெரிதும் குறைத்தது.

நாவலர் மறைந்த 1879 ஆம் ஆண்டு, வாசிப்பு பற்றிய அறிவியலுக்கும் முக்கியமானதாகும். பிரான்சியக் கண்மருத்துவர் எமில் ஜவாலும் ஜேர்மனிய உடலியலாளர் ஏவால்ட் ஹெரிங்கும் வாசிப்பின்போது கண்ணியக்கம் எவ்வாறு அமைகின்றது என்பது பற்றிய தம் ஆய்வுகளை அக்காலத்திலேயே வெளியிட்டனர். கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை. நின்று நின்று தாவுகின்றது என்பதே இவ்வாய்வுகளால் நிலைபெற்ற உண்மையாகும். ஒவ்வொரு நிலைப்பும் ஏறத்தாழ கால் வினாடி நீடிக்கும்.

இவ்வுண்மையிலிருந்து ஒரு பெருநம்பிக்கை பிறந்தது. ஒரே நிலைப்பிற் பல சொற்களைக் காணக் கண்ணைப் பழக்கினால் வேகம் பன்மடங்காகும் எனப் பலர் கருதினர். இரண்டாம் உலகப் போரின்போது, ஒஹாயோ அரச பல்கலைக்கழக உளவியலாளர் சாமுவேல் றென்ஷோ, உருவங்களைக் கணப்பொழுதே காட்டி மறைக்கும் கருவியைக்கொண்டு, விமானங்களை இனங்காணும் பயிற்சியை அமெரிக்கக் கடற்படையினருக்கு வகுத்தார். இத்தகைய கருவிகள் வாசிப்பு வகுப்புகளிலும் இடம்பெற்றன. 1959 இல் யூட்டாவைச் சேர்ந்த ஆசிரியை எவெலின் வூட், கையைப் பக்கத்தின்மீது ஓட்டி அதன் வழியே கண்ணைச் செலுத்தும் முறையைக் கற்பிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். சனாதிபதி கெனடி நிமிடத்துக்கு 1,200 சொற்களை வாசிப்பவர் என்ற பேச்சு பரவியிருந்த காலம் அது. 1977 இல் சனாதிபதி காட்டரும் வெள்ளை மாளிகையில் இம்முறையைப் பயின்றார்.

புகழ் இவ்வாறிருப்ப, சோதனை வேறு கதை கூறிற்று. விரைவாசிப்பின் பயனை அளக்கக் கையாளப்பட்ட வினாக்கள் சிலவற்றுக்கு, பந்தியை வாசியாதவருங்கூடக் கணிசமான அளவு விடையளிக்க முடிந்தமையை றொனால்ட் காவர் 1971 இல் எடுத்துக்காட்டினார். 1975 இல் மக்கொங்கியும் றெய்னரும் செய்த சோதனைகள், ஆங்கில வாசகர் ஒரு நிலைப்பிற் பயனுள்ள தகவலைப் பெறும் பரப்பு மிகக் குறுகியது என நிறுவ வழிவகுத்தன. அது இடப்புறம் 3 அல்லது 4 எழுத்துகளும் வலப்புறம் 14 அல்லது 15 எழுத்துகளுமே ஆகும். ஜஸ்ற், காப்பென்ரர் ஆகியோர் 1987 இல் வெளியிட்ட நூலின்படி, விரைவாசிப்புப் பயின்றோர் எளிய பகுதிகளின் சாரத்தை மேலோட்டமாக வாசித்தோரினும் சற்று நன்கு கூறினர். நுண்விவரங்களிலோ இயல்பாக வாசித்தோருக்குப் பின்தங்கினர். வேகம் பெருகின் விளக்கம் குறையும் என்பதும், மொழித்திறனே வேகத்தின் அடிப்படை என்பதும் 2016 இல் றெய்னரும் அவர்தம் சகாக்களும் செய்த விரிவான மீளாய்வின் முடிவுகளாம்.

இதனால் மேலோட்ட வாசிப்பு பயனற்றது என்று கொள்ளலாகாது. எந்நூலை ஆழ்ந்து கற்பது, எப்பகுதியைத் தவிர்ப்பது எனத் துணிய அது உதவும். ஆனால் அதனைக் கற்றல் என மயங்குதல் கூடாது. ஆங்கில நூலைப் படிக்கும் தமிழ்மொழிமூல மாணவர் தாமதிப்பது கண்ணின் குறையாலன்று. அறியாத சொல்லும் பழகாத துறையுமே அவரைத் தடுக்கின்றன. அன்று அயர்லாந்துத் துறவியர்க்குச் சொல்லிடைவெளி துணைசெய்தது. இன்று நம் மாணவர்க்குத் துணைசெய்யவல்லன தெளிவான பாடநூல்களும், நல்ல கலைச்சொற்களும், நாள்தோறும் விடாது வாசிக்கும் பழக்கமுமே. அவை கைகூடின் வேகம் தானே வரும்.